ஆகஸ்ட் 27-ல் போனவர், அக்டோபர் 21-ல் இல்லை

அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-ல் அதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில், காணாமல் போன ரோந்துக் குழுவைத் தேடிப் போன மத்திய ரிசர்வ் போலீஸ்காரர்கள் 10 பேர் சீனப் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அதற்காக ஏற்பட்ட நாள் இது. முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் இந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை நாடு முழுக்கப் பணியின்போது இறந்த காவலர்களின் பெயர்களை அன்று வாசிப்பார்கள். எங்கள் அண்ணன் 2022 ஆகஸ்ட் 27 இரவு நாற்கரச் சாலையில் வாகனச் சோதனையில் நின்றபோது லாரி மோதி இறந்தார். ஏட்டு, 1999 பேட்ச், வயது 45. இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால் எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர், ஆகியிருப்பார். அந்த அக்டோபர் 21-ம் தேதி அம்மாவையும் மதினியையும் கூட்டிக்கொண்டு ஆயுதப்படை மைதானத்துக்குப் போனோம். பெயர்களை வாசித்து முடித்தார்கள், பியூகிள் ஊதினார்கள், மலர்வளையம் வைத்தார்கள். அண்ணன் பெயர் வரவில்லை. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "வாசிச்சுட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

யாரோ வேண்டுமென்று விட்டுவிட்டார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஆத்திரத்தில் என்னென்னவோ பேசினேன். பிறகுதான் புரிந்தது. "பணிக்காலத்தில் இறந்தவர்" என்பது ஒன்று, "பணியின்போது இறந்தவர்" என்பது வேறொன்று. வேலையில் இருக்கும் காலத்தில் மாரடைப்பில் வீட்டில் இறந்தாலும் முதல் வகைதான். குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, கருணை வேலை எல்லாம் இந்த வகைக்கே கிடைத்துவிடும். ஆனால் நினைவுத் தூணில் பெயர், வீரவணக்க நாள் பட்டியல், சிறப்பு நிவாரணம், பணியால் வந்த மரணத்துக்கென்று இருக்கிற எக்ஸ்ட்ராடினரி பென்ஷன் விதிகளின்படி கேட்கும் கூடுதல் தொகை ஆகியவற்றுக்கு இரண்டாவது வகை என்று காகிதத்தில் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் முதல் 48 மணி நேரத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. அப்போது வீட்டில் யாருக்கும் சுயநினைவே இருக்காது.

2020 ஜனவரி 8-ல் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சுட்டுக்கொல்லப்பட்ட எஸ்.எஸ்.ஐ. வில்சனையும், 2021 நவம்பரில் ஆடு திருடர்களைத் துரத்திப் போய் வெட்டுப்பட்டு இறந்த நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதனையும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு குடும்பங்களுக்கும் ஒரு கோடி ரூபாயும் அரசு வேலையும் அறிவித்தார்கள். கொடுத்ததில் எந்தத் தவறும் இல்லை, அது அவர்களுக்கு உரியது. அப்படிப்பட்ட மரணத்தில் பணியின்போதா இல்லையா என்ற கேள்வியே எழாது, கோப்பு தானாக நடந்து போகும். ராத்திரியில் ரோட்டில் லாரி அடித்துப் போன ஏட்டுக்கு அது நடக்காது. குடும்பம்தான் நடந்து போக வேண்டும்.

முதல் ராத்திரியில் எங்கே பிசகியது என்று சொல்கிறேன். டூட்டி பட்டியலில் அண்ணனுக்குப் போட்டிருந்தது ஒரு ரவுண்டானா. பதினொன்றரை மணிக்கு மைக்கில், அதாவது வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னோர் இடத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். வாய்மொழி உத்தரவு. முதல் தகவல் அறிக்கைக்குப் புகார் கொடுத்தவர் அந்த வழியாக வந்த டீக்கடைக்காரர். "சாலையைக் கடந்த காவலர் மீது லாரி மோதியது" என்று அவர் கண்ணில் பட்டதைச் சொன்னார், அதுவே அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304(ஏ) பிரிவில், அஜாக்கிரதையாக வண்டி ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியது என்று மட்டும் வழக்காகிவிட்டது. டூட்டி போட்ட இடம் வேறு, இறந்த இடம் வேறு, முதல் தகவல் அறிக்கையில் வாகனச் சோதனை என்ற வார்த்தையே இல்லை. மேலதிகாரி அலுவலகத்தில் இருக்கிற கிளார்க் இதைப் பார்த்தால் "பணி இடத்தை விட்டு எதற்குப் போனார்?" என்றுதான் குறிப்பு எழுதுவார். எழுதினார்.

ஆகவே முதல் இரண்டு நாளில் குடும்பத்தில் தெளிவாக இருக்கிற ஒருவர், அது மச்சானோ சித்தப்பாவோ, பதிவேடுகளை எழுதுகிற ஸ்டேஷன் ரைட்டரிடம் போய் நான்கு விஷயத்தைக் கேட்க வேண்டும். அன்றைய டூட்டி பட்டியல், பொது நாட்குறிப்பில் அவர் பணிக்குப் புறப்பட்டதாக இருக்கிற பதிவு, இடம் மாற்றியிருந்தால் கன்ட்ரோல் ரூம் மைக் பதிவேட்டில் அந்தச் செய்தி வந்த நேரம், கூட நின்ற காவலரின் வாக்குமூலம். வெளியூருக்குக் கைதி வழிக்காவலாகவோ பந்தோபஸ்துக்கோ போனவர் என்றால் அவருக்குக் கொடுத்த பாஸ்போர்ட், அதாவது பணி அனுமதிச் சீட்டு, சட்டைப் பையிலேயே இருக்கும். ரத்தக்கறையோடு இருந்தாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இவற்றின் நகலை உடனே தர மாட்டார்கள், அது பரவாயில்லை. இந்தப் பதிவுகள் இருக்கின்றன என்று தேதி, நேரத்தோடு குறித்துக்கொண்டு, அவற்றைச் சேர்த்து அறிக்கை அனுப்பும்படி இன்ஸ்பெக்டருக்கு மனைவி பெயரில் ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினால் போதும். ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் கூட நின்ற காவலர் வேறு மாவட்டத்தில் இருப்பார்.

இன்னொன்று பிரேத விசாரணை. ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் உறவினர்களிடம் வாக்குமூலம் வாங்குவார்கள். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. நான் படித்துப் பார்க்கவில்லை. உடம்பில் இருந்த உடைகளின் பட்டியலில் காக்கிச் சட்டை, பெல்ட், பூட்ஸ் எல்லாம் இருந்தன, மேலே போட்டிருந்த ஒளிரும் ஜாக்கெட் இல்லை. அது கிழிந்து ரோட்டோரம் கிடந்திருக்கிறது. பின்னால் விபத்து வழக்கில் லாரியின் இன்சூரன்ஸ் தரப்பு பிடித்துக்கொண்டது இதைத்தான்: ராத்திரியில் ஒளிரும் ஜாக்கெட் இல்லாமல் நின்றார், அதனால் தவறில் அவருக்கும் பங்கு உண்டு என்றார்கள். ஒரு பத்திரிகைக்காரர் எடுத்த படத்தில் ஜாக்கெட் தெரிந்ததால் தப்பினோம். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள், முடியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். சம்பவ இடத்தில் யாராவது படம் எடுத்திருந்தால் அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடக்கம் துறை மரியாதையோடு நடந்தது. ஆயுதப்படைக் காவலர்கள் வானத்தை நோக்கி மூன்று சுற்றுச் சுட்டார்கள், எஸ்.பி. வந்தார், பேட்ச்காரர்கள் தூக்கினார்கள். அந்த ஒரு நாள் துறை நம் தோளில் கை போட்டு நிற்கிறது. அதனால்தான் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம். பேட்ச் நண்பர்கள் ஆளுக்கு 500 ரூபாய் போட்டுச் சேர்த்துக் கொடுத்த பணம்தான் முதல் நான்கு மாதம் வீட்டை ஓட்டியது. அரசிடமிருந்து ஒரு ரூபாய் வரும் முன்னால் வந்த காசு அது.

இறப்புச் சான்றிதழில் எல்லோரும் செய்கிற தவறு, சொந்த ஊரில் போய்த் தேடுவது. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இறந்தாரோ அந்த ஊர் மாநகராட்சியிலோ நகராட்சியிலோதான் பதிவாகும். 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும். ஆனால் பெயரை ஆஸ்பத்திரிச் சீட்டில் எப்படி எழுதினார்களோ அப்படியே போகும். பணிப்பதிவேட்டில் இருக்கிற இனிஷியல், ஆதாரில் இருக்கிற பெயர், இறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயர் மூன்றும் ஒன்றாக இல்லை என்றால் ஒவ்வொரு மேசையிலும் கோப்பு திரும்பும். எங்களுக்கு ஓர் எழுத்து மாறியிருந்தது. திருத்த 19 நாள். பிணவறையில் படிவம் நிரப்பும்போதே அடையாள அட்டையைக் காட்டி எழுத வையுங்கள்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று போகும். கட்டணம் 60 ரூபாய்தான். நான் சீக்கிரம் வேண்டும் என்று ஒரு புரோக்கரிடம் 15,000 கொடுத்தேன். அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று மூன்று பேரை மட்டும் போட்டு விண்ணப்பித்துவிட்டார். அம்மாவின் ரேஷன் கார்டு என் வீட்டில் இருந்ததால் அவளை விட்டுவிட்டார். இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் நிலை வாரிசு. அம்மா உயிரோடு இருப்பது பணிப்பதிவேட்டில் இருக்கிறது, சான்றில் இல்லை, கோப்பு திரும்பிவிட்டது. ரத்து செய்து மறுபடி வாங்க இரண்டு மாதம். அந்த 15,000 போனதுகூடப் பெரிதில்லை. "என்னை ஏன் விட்டீங்க?" என்று அம்மா மதினியைக் கேட்டுவிட்டாள். அந்தப் பேச்சு வீட்டில் ரொம்ப நாள் கிடந்தது.

ஓய்வூதியக் கோப்பு எஸ்.பி. அலுவலகத்திலிருந்து சென்னையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ஆணை வந்து, கருவூலம் வழியாகப் பணம் வரும். அண்ணனைப் போல் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர் என்றால் பழைய ஓய்வூதியம். ஏழு ஆண்டு சர்வீஸ் முடித்து இறந்தவரின் குடும்பத்துக்கு முதல் ஏழு ஆண்டு கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதன் பிறகு 30 சதவீதம், இரண்டுக்கும் மேலே அகவிலைப்படி. அடிப்படைச் சம்பளம் 38,000 என்று வைத்துக்கொண்டால் முதலில் 19,000, எட்டாம் ஆண்டிலிருந்து 11,400. இந்த இறக்கம் வரும்போது பிள்ளை கல்லூரியில் இருக்கும். கடன் வாங்கும்போது 19,000-ஐ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பணிக்கொடை, 20 ஆண்டுக்கு மேல் சர்வீஸ் என்றால் ஒவ்வோர் ஆறு மாதத்துக்கும் அரை மாதச் சம்பளம், உச்சவரம்புக்கு உட்பட்டு. 23 ஆண்டுக்கு 23 மாதச் சம்பளம். 38,000-மும் அப்போதைய 34 சதவீத அகவிலைப்படியும் சேர்த்து 50,920, ஆக 11 லட்சத்து 71 ஆயிரம். ஈட்டிய விடுப்பு 240 நாள் வரை சரண் செய்யலாம், சொந்தக் காரணங்களுக்கான விடுப்பு மீதியிருந்தால் அதற்கும் பணம் உண்டு, பலர் கேட்காமல் விடுவது இதைத்தான். இதற்குத் தனியாகக் குடும்பப் பாதுகாப்பு நிதி, அப்போது 5 லட்சம். இவற்றிலிருந்து கூட்டுறவுச் சிக்கன சங்கக் கடன், வீட்டுக் கடன், பண்டிகை முன்பணம் எல்லாம் கழியும். அண்ணன் வாங்கியிருந்த சங்கக் கடன் வீட்டில் யாருக்கும் தெரியாது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பழைய ஓய்வூதியம் இல்லை, அவர்கள் கணக்கே வேறு. மேலே சொன்ன குடும்ப ஓய்வூதியத்தை அவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் கோப்பு நின்ற இடம் பணிப்பதிவேடு. 1999 பேட்சில் பலர் முதலில் சிறப்புக் காவல் படையில் இருந்துவிட்டு மாவட்டத்துக்கு வந்தவர்கள். ஒவ்வோர் ஆண்டும் "பணி சரிபார்க்கப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணனுக்கு அந்தப் படையின் பட்டாலியனில் இருந்த காலத்தில் 14 மாதம் அந்தப் பதிவு விடுபட்டிருந்தது. பட்டாலியனுக்குக் கடிதம், பதில் இல்லை, நினைவூட்டு, மறுபடி பதில் இல்லை. நானே நேரில் போய்ப் பழைய சம்பளப் பட்டியலைத் தேட வைத்து எழுதி வாங்கி வந்தேன். நான்கு மாதம் போனது. அதுவரை தற்காலிகக் குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கலாம். மனு கொடுத்துக் கேளுங்கள். வேலையில் இருக்கிற காவலர்கள் யாராவது இதைப் படித்தால், வருஷத்துக்கு ஒரு தடவை பதிவேட்டைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, பாருங்கள். நியமனதாரர் (நாமினி) பக்கத்தையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் 1999-ல் சேமநல நிதிக்கு அம்மா பெயரைக் கொடுத்த அண்ணன் 23 வருஷமாக மாற்றவே இல்லை. பணம் அம்மா பெயரில் வந்தது. அம்மா அப்படியே மதினிக்குக் கொடுத்துவிட்டாள். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது.

எங்களுக்கு முழுசாகப் போன பணம் வங்கி விபத்துக் காப்பீடு. காவலர்களுக்கென்று சம்பளக் கணக்குத் திட்டம் வைத்திருக்கிற வங்கிகள், அந்தக் கணக்கோடு விபத்துக் காப்பீடும் சேர்த்துத் தருகின்றன. அண்ணன் கணக்கில்தான் சம்பளம் வந்தது. ஆனால் அது வேலைக்குச் சேர்ந்தபோது தொடங்கிய சாதாரணச் சேமிப்புக் கணக்கு. சம்பளக் கணக்காக மாற்ற ஒரு படிவம் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. லட்சங்களில் வந்திருக்க வேண்டியது பூஜ்யம். 2025-ல் தமிழக அரசு ஏழு வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டு, அரசு ஊழியர் விபத்தில் இறந்தால் ஒரு கோடி ரூபாய் என்று ஆக்கியிருக்கிறது. அதற்கும் அந்த வங்கிகளில் சம்பளக் கணக்கு என்ற வகையில் இருக்க வேண்டும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் கணக்கு வகை அச்சாகியிருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இறப்பு நடந்துவிட்டால் வங்கிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். முழு ஆவணம் பின்னால் கொடுக்கலாம், தகவல் பிந்தினால் அதையே காரணமாக வைத்துத் தள்ளுவார்கள்.

விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் தனி வழக்குப் போடலாம். பணியின்போது இறந்தவருக்கு இது கிடையாது என்று ஒருவர் சொன்னதை நம்பி நான் நான்கு மாதம் சும்மா இருந்தேன். 2022 ஏப்ரல் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதத்துக்குள் மனு என்று சட்டத்தில் இருக்கிறது. 11 நாள் மிச்சம் இருக்கும்போது போட்டோம். கணக்கு இப்படி: மாத வருமானம் 50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தர வேலை, 40 முதல் 50 வயதுக்குள் என்றால் எதிர்கால உயர்வுக்கு 30 சதவீதம் கூட்டி 65,000. வருஷத்துக்கு 7,80,000. சார்ந்திருப்பவர் நான்கு பேர் என்பதால் அவர் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 5,85,000. 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கு எண் 14. ஆக 81,90,000. வருமான வரி உண்டென்றால் அதை வருமானத்திலேயே முதலில் கழித்துவிடுவார்கள். அம்மாவையும் மனுதாரராகச் சேர்த்தால்தான் கால் பங்கு, மூன்று பேர் மட்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். குடும்ப ஓய்வூதியம் வருகிறது, கருணை வேலை கிடைத்திருக்கிறது என்று இதில் கழிக்கச் சொல்லி எதிர்த்தரப்பு வாதிடும். கழிக்கக் கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று கேட்கிற வக்கீலிடம் போகாதீர்கள், பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்கிறது. ஆஸ்பத்திரி வாசலிலேயே வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்டு வருவார்கள், எங்களிடமும் வந்தார்கள். மோதிய வண்டி எது என்றே தெரியவில்லை என்றால் தனித் திட்டத்தில் 2 லட்சம் மட்டும் உண்டு.

கருணை அடிப்படையிலான வேலைக்கு இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும். மதினி பத்தாம் வகுப்பு. மூத்த பெண் அப்போது பன்னிரண்டாவது. பெண் படித்து முடிக்கட்டும், பட்டத்தோடு போகட்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். பட்டம் வாங்கும்போது மூன்று ஆண்டு ஓடியிருக்கும். இந்த ஒரே ஒரு முடிவை மதினி யாரையும் கேட்காமல் எடுத்தாள், சரியாக எடுத்தாள்: தன் பெயரிலேயே போட்டாள். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை, தாசில்தாரிடம் வறுமை நிலைச் சான்று, வீட்டில் வேறு அரசு ஊழியர் இல்லை என்ற சான்று, மறுமணம் செய்யவில்லை என்ற சான்று இவ்வளவும் கேட்பார்கள். கடைசிச் சான்றை வாங்க வி.ஏ.ஓ. முன்னால் நின்ற அன்றைக்கு மதினி வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அந்தச் சான்றுக்குப் போகும்போதாவது தனியாக விடாதீர்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். 2022 நவம்பரில் எஸ்.பி.-க்கு மனு கொடுத்தோம். டூட்டி பட்டியல், மைக் பதிவேட்டில் 11.34-க்கு இருந்த செய்தி, கூட நின்ற காவலரின் வாக்குமூலம், பத்திரிகைப் படம் நான்கையும் குறிப்பிட்டு, பணியின்போது இறந்தவர் என்று ஆணை பிறப்பிக்கக் கேட்டோம். நகலை டி.ஐ.ஜி. அலுவலகத்துக்கும் அனுப்பினோம். டி.எஸ்.பி. விசாரணை நடந்து ஏழு மாதத்தில் ஆணை வந்தது. அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். டெல்லி சாணக்யபுரியில் 2018-ல் திறந்த தேசியக் காவலர் நினைவகத்தின் கருங்கல் சுவரில், சுதந்திரத்துக்குப் பின் இறந்தவர்கள் என்று திறந்தபோதே 34 ஆயிரத்துக்கும் மேல் பெயர்கள் இருந்தன. அத்தனை பெயரும் ஏதோ ஓர் ஊரில் ஒரு கிளார்க் தட்டச்சு செய்து அனுப்பியவைதான். அதனால் ஆகஸ்ட் முடிந்ததும், செப்டம்பர் முதல் வாரத்திலேயே எஸ்.பி. அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியல் போய்விட்டதா என்று கேளுங்கள். பெயர், இனிஷியல், பதவி, காவலர் எண், நிலையம், இறந்த தேதி ஆறையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒரு தாளாகக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது முறை மைதானத்துக்குப் போனபோது அம்மாவை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். இனிஷியல் சரியாக இருந்தது. ஊர்ப் பெயரைத்தான் தப்பாக வாசித்தார்கள்.